வயிற்றில் ஒரு பை

பிளாஸ்டிக் வயிற்றில் பை ஒட்டுவதில் அந்த வகுப்பில் சின்னவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நர்சிங் பள்ளியின் பயிற்சிக் கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் எப்போதும் படுத்தே கிடக்கும் பொம்மை மனிதருக்கு மாணவிகள் வைத்திருந்த பெயர் பெரியப்பா. வருகிற பிள்ளைகளெல்லாம் அவருக்கு ஊசி குத்திப் பழகினார்கள். மூக்கில் குழாய் செருகினார்கள், குளிப்பாட்டினார்கள், புரட்டிப் போட்டு முதுகு துடைத்தார்கள். என்ன செய்தாலும் ஒரு முனகல் கிடையாது மனிதரிடம். இரண்டாம் வருடத்தில் அவருடைய வயிற்று மூடியைக் கழற்றிவிட்டு, இடது பக்கம் சிவப்பு ரப்பர் மொட்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் வேறு மூடியைப் பொருத்தினார்கள். குடலின் அடிப்பகுதி அறுத்து எடுக்கப்பட்டவர்களுக்கு வயிற்றிலேயே ஒரு வாய் வைத்துவிடுவார்கள். மலம் அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு பையை ஒட்டி, நிறைய நிறையக் காலி செய்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

சின்னவள் பழைய பையை மேலிருந்து கீழாக உரிப்பாள். ஒரு கை உரிக்க, மறு கை ஈரத்துணியால் தோலை அழுத்திப் பிடித்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சுற்றிலும் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். மொட்டின் அளவு பார்த்துப் புதுப் பையின் ஒட்டுத் தகட்டில் துளை வெட்டுவாள். மொட்டை நெருக்காமல், தோலையும் வெளியே விடாமல், ஒரு நூல் இடைவெளி. அப்புறம் கீழிருந்து மேலாக ஒட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பிடித்திருப்பாள். கைச் சூட்டில்தான் பசை இளகிப் பிடிக்கும்.

"இந்தக் கையப் பாருங்க. அவசரமே இல்ல," என்று டியூட்டர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். டியூட்டர் இளம் வயதுக்காரி. முதுகு வளையாமல் நிற்பதால் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். ஸ்கேல் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம். பக்கத்துக் கட்டிலில் நின்றிருந்த தோழி நெட்டை, சின்னவளின் காதருகே குனிந்து, "பெரியப்பா உனக்குத்தான் சொத்தெழுதி வைக்கப் போறாரு," என்றாள்.

நெட்டைக்குக்கூடத் தெரியாது, சின்னவள் வீட்டிலும் அந்தப் பை வந்துவிட்ட கதை.

அவளுடைய அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். காலை முதல் நடையிலிருந்து சீட்டில் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காத உடம்பு. மலத்தில் ரத்தம் பட்டபோது, இன்ஜின் சூடு என்று மோர் குடித்தார். வயிறு கட்டியபோது, கண்ட நேரத்தில் தின்பதால் என்றார். கடைசியில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்ட பிறகுதான் கண்டக்டர் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பயமில்லை என்றார்கள். ஆனால் இனிமேல் ஆயுளுக்கும் பைதான்.

வீடு இரண்டாம் மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்குக் குளியலறை. அக்கா கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். அம்மாவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டலில் யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளை மடிப்புக் கலையாமல் தேய்த்து அடுக்குவாள். சாயங்காலம் வரும்போது சேலையில் இஸ்திரி வாசனை அடிக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பை மாற்றிவிட்டுப் போனாள். அவள் வருவது நின்றதும், "நம்ம வீட்லயே நர்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?" என்று அம்மாதான் சொன்னாள். அப்பா தலையாட்டினார். சின்னவளுக்கும் ஒரு பெருமை. படித்தது முதன்முதலாக வீட்டுக்கு உதவப் போகிறது.

அவள் மாற்ற வேண்டிய முதல் நாள் காலை அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்து, சட்டையை மார்புவரை சுருட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையுறை போட்டாள், துண்டு விரித்தாள், பாத்திரத்தில் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். எல்லாம் வரிசையாக, ஸ்கேல் பார்த்திருந்தால் சபாஷ் சொல்லியிருப்பாள். மேலிருந்து கீழாக உரித்தாள்.

பெரியப்பாவிடம் இல்லாத ஒன்று அப்பாவிடம் இருந்தது. நாற்றம். அது எழுந்து முகத்தில் அறைந்தது. சின்னவள் கையை நிறுத்தவில்லை. கை அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஆனால் முகம் தன்பாட்டுக்கு ஒரு கணம் சுருங்கியது. மூக்கு விடைத்து, உதடு ஒரு பக்கம் இழுத்து, கண் வேறெங்கோ போய் வந்தது. ஒரே கணம்தான்.

எத்தனையோ வருடங்களாகத் தலைக்கு மேல் உள்ள கண்ணாடியில் ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வண்டி ஓட்டியவர் அப்பா. எவன் டிக்கெட் எடுக்கவில்லை, எவளுக்கு மயக்கம் வருகிறது, எந்தப் பையன் அடுத்த நிறுத்தத்தில் குதிக்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் முகம் பார்த்தே சொல்வார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எப்போது கீழே இறங்கியதோ தெரியாது. அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

ஒட்டி முடித்து அவள் கையை வைத்துப் பிடித்திருந்தபோது, "போதும்மா. ரொம்ப நல்லா பண்ற," என்று சட்டையை இறக்கிக்கொண்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை அவள் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்தபோது குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அப்பா, நான் வந்துட்டேன். கதவத் திறங்க."

"நானே பாத்துக்கறேன்."

"தகடு வெட்டறது கஷ்டம்ப்பா. கண்ணுக்குத் தெரியாது உங்களுக்கு."

"இவ்ளோ பெரிய பஸ்ஸ சந்துல திருப்பறேன், இது தெரியாதா எனக்கு? நீ காலேஜுக்குக் கெளம்பு, நேரமாச்சு."

அதிலிருந்து கதவு திறக்கவே இல்லை. உள்ளே வெகுநேரம் தண்ணீர் ஓடும். ஏதாவது கீழே விழும். முணுமுணுப்பாக ஒரு வசவு கேட்கும். சில நாள் மாற்றிய பை மதியத்துக்குள்ளேயே ஒழுகி, மறுபடி தண்ணீர் ஓடும். அம்மாவைக் கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். "எனக்குக் காத்து பத்தல," என்பது காரணம். அம்மா பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு சின்னவள் பக்கத்தில் வந்து படுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் பார்க்க வந்தார். அப்பாவோடு ஒரே வண்டியில் காலம் தள்ளியவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அப்பா படுக்கையறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"தூங்கறாரு," என்றாள் அம்மா.

"தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதீங்க." கண்டக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். படுக்கையறைப் பக்கம் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகப் பேசினார். "வண்டிக்குப் புதுசா ஒரு பையனப் போட்ருக்காங்க. பிரேக் போட்டான்னா பின் சீட்டு ஆளு முன் சீட்டுக்கு டிக்கெட் இல்லாம வந்துடறான். எனக்கு இடுப்பே போச்சு. அண்ணன் எப்ப வருவாருன்னு ஜனங்க கேக்குது."

உள்ளே கட்டில்கூடக் கிரீச்சிடவில்லை. கண்டக்டர் கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். வாசலில் சின்னவளிடம், "தூங்கறவரு மூச்சு இப்படி இருக்காதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. காலையில் அரை டம்ளர் கஞ்சி. மதியத்துக்கு அம்மா வைத்துவிட்டுப் போகும் சோறு சாயங்காலம் வரை அப்படியே மூடிக் கிடக்கும். கேட்டால் பசியில்லை. கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. டாக்டரிடம் போனால் தையல் ஆறிவிட்டது, எல்லாம் சாப்பிடலாம் என்றார். "சாப்பிடச் சொல்லுங்க," என்று அம்மாவைப் பார்த்து வேறு சொன்னார், அவள்தான் ஏதோ பட்டினி போடுவதுபோல. 

அந்த வாரம்தான் வார்டில் நேரடிப் பயிற்சி. ஸ்கேல் ஒரு பட்டியலும் பார்க்காமல், "கொலாஸ்டமி பை, நீ பண்ணு," என்று சின்னவளைக் கூப்பிட்டாள். கட்டிலில் நடுவயதுப் பெண் ஒருத்தி, காய்கறி வியாபாரி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சின்னவள் கையுறையைப் போட்டாள், கழற்றினாள்.

"மேடம், வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க."

"ஏன்? உனக்குத்தான் நல்லா வருமே."

"கை வரும் மேடம். மூஞ்சி வராது."

ஸ்கேல் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவள் வீட்டுக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. ஸ்கேல் அவள் முடிக்கும்வரை நேராக நின்று கேட்டாள்.

"மூஞ்சிய எப்படி வச்சிக்கணும்னு நான் டெமோ பண்ணிக் காட்ட முடியாது," என்றாள். "சில இடத்துல பிள்ளைங்கள ஒரு நாள் முழுக்க பை ஒட்டிக்கிட்டு இருக்கச் சொல்வாங்க. பாதிப் பேரு மதியமே கழட்டிடுவாங்க. அதனால மூஞ்சி மாறுமான்னு எனக்குத் தெரியாது. வேணும்னா ஒரு பை எடுத்துக்கோ."

மறுநாள் காலை, நெட்டை தங்கியிருந்த விடுதியின் குளியலறையில், அவள்தான் ஒட்டிவிட்டாள். நெட்டையிடம் இப்போது எல்லாம் சொல்லியாகிவிட்டது. அவள் விடுதிச் சமையலறையில் ஓட்ஸைக் குழையக் காய்ச்சி, கொக்கோ தூள் போட்டுக் கலக்கி, ஒரு டம்ளரில் சூடாகக் கொண்டுவந்தாள்.

"பாக்க அப்படியே இருக்குடி. சமையல்காரம்மா எட்டிப் பாத்துட்டு, எனக்கும் கொஞ்சம் குடுன்னு கேட்டாங்க."

"சிரிக்க வைக்காத, வயிறு குலுங்குது. தகடு விட்டுப் போயிடும்."

பையின் வாயைப் பிரித்து நெட்டை ஊற்றினாள். வெதுவெதுப்பு வயிற்றில் படிந்து இறங்கியபோது சின்னவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சூடு தன்னுடையது அல்ல என்று தெரிந்தும் உடம்பு கூசியது. சீருடையை இழுத்து விட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் உட்கார்ந்ததும் பை மடங்கி ஒரு சரசரப்புக் கேட்டது. அவளுக்கு மட்டும் ஊரே கேட்டதுபோல் இருந்தது. முன் பெஞ்சுக்காரி திரும்பியபோது நெஞ்சு திக்கென்றது. பேனா கேட்கத்தான் திரும்பினாள். எழுதும்போது இடது முழங்கை தானாக வயிற்றை மறைத்துக்கொண்டது. வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று கேட்டால் ஒரு வரி சொல்லத் தெரியாது. வயிறு, வயிறு, வயிறு. வேறு நினைப்பே இல்லை. இடைவேளையில் நெட்டை இன்னொரு டம்ளரோடு வந்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஊற்றினாள். "எப்ப வரும்னு சொல்லிட்டா வரும்?" என்றாள்.

மதியம் சாப்பாட்டு மேசையில் தட்டு முன்னால் வந்தது. சோறு, பருப்பு, பாதி முட்டை. சின்னவள் ஒரு வாய் எடுத்தாள். கை அப்படியே நின்றது. சாப்பிட்டால் இன்னும் நிறையுமே என்று ஒரு பயம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏன்டி சாப்பிடல?" என்றாள் நெட்டை.

"பை நிறைஞ்சிடும்."

நெட்டை ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். "லூசு, அது உன் குடலோட ஒட்டவே இல்லடி. நான் ஊத்தினாத்தான் நிறையும்."

சின்னவள் தட்டைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். வீட்டில் மூடி வைத்தது மூடியபடியே கிடக்கும் சோற்றை நினைத்தாள். யாரும் எதுவும் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பசியில்லை என்று அவர் சொன்னதெல்லாம் பொய். பசியோடுதான் உட்கார்ந்திருக்கிறார் அப்பா, நாள் முழுக்க.

சாயங்காலப் பேருந்தில் கூட்டம். பிடிக்கக் கம்பியில்லாமல் ஒரு முழங்கைக்கும் ஒரு கூடைக்கும் நடுவில் நின்றாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது இடது பக்கம் கீழே சொதசொதவென்று ஈரம். ஒழுகிவிட்டது. வெறும் ஓட்ஸ்தான், நக்கினால் இனிக்கும். ஆனாலும் காது வரைக்கும் சுட்டது. புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை நம்பத்தான் முடியவில்லை. தன் நிறுத்தத்துக்கு முன்பாகவே இறங்கி நடந்தாள்.

அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகப் பையைக் கீழே வைத்ததும் சீருடையில் பழுப்புக் கறை பளிச்சென்று தெரிந்தது.

"என்னம்மா அது, கறை?"

"பை ஒழுகிடுச்சுப்பா."

"எந்தப் பை?"

அவள் சீருடையின் பக்கவாட்டுப் பொத்தானைக் கழற்றிக் கொஞ்சம் விலக்கினாள். அப்பா பார்த்தார். முகம் இறுகியது.

"என்ன இது? என்னப் பாத்துக் கேலி பண்றியா?"

"இல்லப்பா."

"பின்ன? வேஷம் கட்டிக்கிட்டு வந்து நிக்கற? காலேஜுல என் கதையச் சொல்லிச் சிரிச்சீங்களா எல்லாரும்?"

"அப்பா, நான் மதியம் சாப்பிடல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது என் குடலோட ஒட்டவே இல்ல. உள்ள இருக்கறது ஓட்ஸ் கஞ்சி. எனக்கு நல்லாத் தெரியும். அப்படியும் சாப்பிட பயமா இருந்துச்சு. ஒரே ஒரு நாள்தான்ப்பா. அதுக்குள்ள தட்டத் தள்ளிட்டேன்." சீருடையை இழுத்து மூடிக்கொண்டாள். "நீங்க பசிக்கலன்னு சொன்னப்பல்லாம் நான் நம்பிட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்:

"எந்தப் பக்கமா ஒழுகுச்சு?"

"கீழ."

"எனக்கும் கீழதான் ஒழுகுது. உக்காந்து எந்திரிக்கும்போது."

"எனக்கு பஸ் குலுக்கல்ல."

"யாரு ஓட்டினது?"

"யாரோ புதுசு. பிரேக்கே தெரியல."

"ம்," என்றார். "அவனாத்தான் இருக்கும்." அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துவிட்டாள். சிரிப்புதான். சத்தமில்லாத சிரிப்பு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "சிரிச்சாலும் ஒழுகும்மா," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "அதையும் எழுதிக்கோ."

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்த வார்த்தை வந்துவிட்டது. "அன்னைக்கு என் மூஞ்சி அப்படிப் போச்சு. வேணும்னு பண்ணலப்பா."

"நாத்தம் நாத்தம்தானே. எனக்கே குமட்டுது." அவர் வேட்டி மடிப்பைச் சரி செய்தார். "நீ குழந்தையா இருக்கும்போது உனக்குக் கழுவி விட்ருக்கேன். அப்ப நானும் மூஞ்சியச் சுளிச்சிருப்பேன். நீ பாக்கல, அவ்ளோதான். நான் பாத்துட்டேன்."

சட்டையைத் தூக்கிக் காட்டினார். பையைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்து, ஓரிடத்தில் உரிந்தே போயிருந்தது. தகட்டின் துளையை ரூபாய் நாணயம் அளவுக்கு வெட்ட வேண்டிய இடத்தில் பம்பரம் போகும் அளவுக்கு வெட்டியிருந்தார்.

மறுநாள் காலை, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில், இருவரும் அந்த ஒரு ஆள் குளியலறைக்குள் நின்றார்கள். அம்மாவின் கைக்கண்ணாடியைக் குழாயில் சாய்த்து வைத்திருந்தாள் சின்னவள்.

"இன்னைக்கு நான் தொட மாட்டேன். நீங்கதான் பண்ணணும்."

"நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு. நீட்டினே, வெளிய போயிடணும்."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் பழகியதிலேயே கஷ்டமான வேலை அதுவாகத்தான் இருந்தது. அவர் பிய்த்து இழுக்கப் போனபோது விரல் துடித்தது. "தோல அழுத்துங்கப்பா, பைய இழுக்காதீங்க," என்று வாயால் மட்டும் சொன்னாள். கண்ணாடியில் இடது வலது மாறித் தெரிந்ததில் முதலில் தடுமாறினார். பிறகு, "அட, ரிவர்ஸ் எடுக்கற மாதிரிதான்," என்று பிடித்துக்கொண்டார். கழுவினார். ஒற்றினார். சிவந்த மொட்டு ஈரத்தில் பளபளத்தது.

"தொட்டா வலிக்காதா?"

"வலிக்காது. கன்னத்துக்கு உள்பக்கம் மாதிரிதான் அது."

விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளும் அதைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்து தகடு. அளவு வைத்து, வெட்டி, எடுத்து வைக்கப் போகும் நேரத்தில் மொட்டு தன் பாட்டுக்கு வேலையைக் காட்டிவிட்டது. சின்னவள் தாவி ஒரு துணியை நீட்டினாள். நாற்றம் அந்தச் சின்ன அறையை நிறைத்தது. கண்ணாடிக்குள் இரண்டு முகமும் ஒரே மாதிரி சுளித்திருந்தன.

"சிக்னல் போடாம வருது பாரு," என்றார் அப்பா. மறுபடி முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒட்டியது மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். தோல் ஆற ஆறச் சோறும் உள்ளே போனது. வெங்காயம் தின்றால் பை பலூன் மாதிரி உப்பும் என்று அவரே கண்டுபிடித்து, ஆனாலும் தின்றார். ஒரு நாள் படியிறங்கிக் கடைவரை போய்விட்டு வந்தார். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, ஒரு கை மட்டும் இடது பக்கம் காவலுக்கு.

அம்மா மட்டும் இன்னும் கூடத்தில்தான் படுத்தாள்.

ஒரு காலை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சின்னவளிடம் கேட்டாள். "எப்படி இருக்குமாம் அது?"

"எது?"

"உங்கப்பா வயித்துல இருக்கறது. நான் பாத்ததே இல்லையே."

சின்னவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்கிட்டக் காட்டறாரு. எங்கிட்டக் காட்டல. நான் அந்தப் பக்கம் போனா சட்டைய இழுத்து விடறாரு. ஓட்டல்ல பேர் ஊர் தெரியாதவங்க படுத்த விரிப்ப தெனம் எடுக்கறேன். அதுல இல்லாத கறையா? அதுக்கெல்லாம் கூசாத கை இவருக்கா கூசப்போகுது?" கத்தியைப் பலகையில் தட்டினாள். கண்ணீர் வந்தது. வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் சின்னவள் அப்பாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அம்மாவுக்கும் ஒரு தடவை காட்டுங்கப்பா. எனக்கு வார்டு டூட்டி வந்துட்டா, அவசரத்துக்கு ஆள் வேணும்ல?"

"அதெல்லாம் வேணாம்."

"ஏன்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லவும் இல்லை. "நீ நர்சு. அவ பொண்டாட்டி," என்றார். "அவ மனசுல நான் ஒரு மாதிரி இருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்னு பாக்கறேன்."

 "அந்த மாதிரியெல்லாம் நீங்க இப்ப இல்லப்பா. கூடத்துல படுக்க வச்சிருக்கற ஆளாத்தான் இருக்கீங்க அம்மா மனசுல," என்றாள் சின்னவள். சொன்ன பிறகு அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தாள். அவர் கோபிக்கவில்லை. 

வார்டு டூட்டி வந்தது. காய்கறிக்காரம்மா இன்னும் அதே கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். சின்னவள் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, "அம்மா, நாத்தம் வந்தா என் மூஞ்சி அப்படி இப்படிப் போகும். அது எம் பேச்சக் கேக்காது. நீங்க அதப் பாக்காதீங்க, கையப் பாருங்க. கை நல்லாப் பண்ணும்," என்றாள். அந்தம்மா சுவரிலிருந்து திரும்பினாள்.

"அழுகின முட்டைக்கோஸ் மூட்டைய பிரிச்சிருக்கியா நீ?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப நீ இன்னும் நாத்தமே பாக்கல. பிரி."

ஸ்கேல் இரண்டு கட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று பாராட்டவில்லை. அடுத்த கட்டிலுக்கும் சின்னவளையே அனுப்பினாள்.

அந்த வாரக் கடைசியில் டூட்டி சீக்கிரம் முடிந்து மதியமே வீட்டுக்கு வந்தாள். வெயில் மாடிப்படிவரை ஏறியிருந்தது. அம்மாவுக்கு அன்று விடுமுறை. வெளிக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கூடத்தில் யாருமில்லை. படுக்கையறைக் கதவு ஒரு கை அகலம் திறந்திருக்க, உள்ளிருந்து பேச்சுக் குரல்.

"அப்படி இல்ல. கீழ இருந்து மேல. கீழ இருந்து," என்றார் அப்பா.

"தெரியுது, இருங்க. துணி மடிக்கறவளுக்கு ஓரம் சேக்கக் கத்துத் தர்றீங்களா?"

"துடைச்சியா நல்லா? ஈரம் இருந்தா ஒட்டாது."

"எல்லாம் துடைச்சாச்சு. வெக்கப்படாம நேராப் படுங்க. ஏதோ பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளியறீங்க."

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. துடைத்ததும் கொஞ்சம் காற்றாட விட வேண்டும். தகட்டை முதலில் உள்ளங்கையில் சூடு காட்ட வேண்டும். அம்மா இரண்டையும் விட்டிருப்பாள். சொல்லிவிடலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தாள். கதவிடுக்கில் அம்மாவின் முதுகு தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுருக்கம் நீவுவதுபோல ஓரங்களை ஒருமுறை நீவிவிட்டு, உள்ளங்கையை விரித்து அப்பாவின் வயிற்றின்மேல் வைத்தாள்.

"இப்படி எதுவரைக்கும் வச்சிருக்கணும்?"

"ஒட்டறவரைக்கும்."

 மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒட்டிடுச்சுங்க," என்றாள் அம்மா.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பசை அந்நேரம் நன்றாகப் பிடித்திருக்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். அவள் வந்த வழியே ஓசைப்படாமல் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.